தாள் எப்போது பேசும்?
கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பெரியப்பா லிவிங் வில் (தேற வழியில்லாத நிலை வந்தால் வென்டிலேட்டர் மாதிரி உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் தாள்) எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். "உசிரோட இருக்கறப்பவே என்ன எழுத்து இது?" என்று பெரியம்மாவுக்கு ஒரே கோபம்.

தாள் இருந்தால் ஐசியூவில் உடனே குழாயைப் பிடுங்கிவிட மாட்டார்கள். நிமோனியா மாதிரி தேறக்கூடிய நோய் என்றால் டாக்டர் வென்டிலேட்டர் போடத்தான் செய்வார். தேற வழியில்லை, நோயாளியால் சொல்லவும் முடியவில்லை என்கிறபோதுதான் தாள் பேசும். அப்போதும் டாக்டர் தனியாக முடிவெடுக்க முடியாது. முதலில் ஒரு மருத்துவக் குழு, அப்புறம் இன்னொரு குழு, இரண்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். வலி மருந்து கடைசிவரை உண்டு. லிவிங் வில் செல்லும் என்று சொன்ன 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்தெல்லாம் கேட்டார்கள். 2023-ல்தான் அதே நீதிமன்றம் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்று இளக்கியது.

தாள் இல்லாவிட்டால்? துபாயிலிருந்து மகன் "எல்லாம் செய்யுங்க" என்பான், கூடவே இருந்து பார்க்கும் மகள் "போதும்" என்பாள். கேஸ் வருமோ என்ற பயத்தில் டாக்டரும் மெஷினை ஓட்டிக்கொண்டே இருப்பார். (பில் தனிக்கதை.)

பெரியப்பா தன் சார்பில் பேச இரண்டு பேரைப் போட்டிருக்கிறார். அதில் நானும் ஒருவன். தாளைப் பீரோவில் பூட்டி வைத்தால் ராத்திரி ஆம்புலன்ஸில் போகும்போது யார் தேடுவது? அதனால் குடும்ப டாக்டருக்கும் ஒரு நகல் கொடுத்தாயிற்று. பஞ்சாயத்துக்கு ஒன்று, சரி, அடுத்த வாரம்.