வாடிவாசல் திறக்கும் நாளுக்காக

சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலை வெற்றிமாறன் சூர்யாவைக் கொண்டு படமாக்கப்போகிறார் என்ற அறிவிப்பு வந்த நாள்முதல் காத்திருக்கிறேன். தன் தந்தையின் உயிரைக் குடித்த ஜமீன்தாரின் காரிக் காளையை ஜல்லிக்கட்டில் அணையவரும் பிச்சியின் கதை ஒரே பிற்பகலுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால், காளை பிடிபட்டபின் ஜமீன்தாரின் கௌரவம் செய்யத் துணியும் காரியம், வாசித்துப் பல ஆண்டுகளாகியும் என் நெஞ்சில் கனக்கிறது. அந்த இருளைப் படம் மழுப்பிவிடக் கூடாது.

வெற்றிமாறன் இயக்கத்தில் சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவல், 'விசாரணை'யாகி இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்குச் சென்றதையும், பூமணியின் 'வெக்கை', 'அசுரன்' ஆகித் தனுஷுக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்ததையும் எண்ணும்போது, இந்தப் படமும் தேசிய விருதை வெல்லும் என்றே நம்புகிறேன். செல்லப்பாவுக்குச் சாகித்திய அகாதெமி விருது, அவர் மறைந்தபின் 2001இல்தான் கிடைத்தது. படத்துக்கான விருது மேடையிலாவது அவர் பெயர் முதலில் ஒலிக்க வேண்டும்.