சீகூர் முள்காடும் பாறுகளும்

ஊட்டியிலிருந்து கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் முடிகிற இடத்தில் குளிரும் பச்சையும் போய், செம்மண்ணும் முள்ளும் வெயிலுமாக ஒரு நிலம் விரிகிறது. மசினகுடி, வாழைத்தோட்டம், ஆனைக்கட்டி, சிறியூர் எல்லாம் இந்தச் சீகூர் மேட்டுநிலத்தில்தான் இருக்கின்றன. வருகிறவர்களில் பலர் 'காடு காய்ந்து கிடக்கிறதே, மரக்கன்று நடலாமா?' என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காய்ந்திருப்பதுதான் இந்தக் காட்டின் ஆரோக்கியம்.

தென்மேற்குப் பருவமழை நீலகிரி மலையின் தென்மேற்கே உள்ள குந்தா, அவலாஞ்சிப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அங்கிருந்து நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர் அளவில் இருக்கும் சீகூரின் கிழக்குப் பகுதிக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பதே 60 முதல் 80 செ.மீ.தான். 2,000 மீட்டருக்கு மேல் நிற்கும் மலையைத் தாண்டி, 900 மீட்டர் உயரத்துக்கு இறங்கும் காற்று சூடேறி உலர்ந்துபோகிறது. அதனால் ஆடி மாதம் இங்கே வெறும் காற்றுதான். செடிகொடிகள் நம்பியிருப்பது கோடைமழையையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும்.

வெள்வேல், உசிலை, இலந்தை, கிளுவை, சூரை, கள்ளி என்று எல்லாமே தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஜாதி. இலை சிறிது, இல்லையென்றால் கோடையில் இலையே கிடையாது. மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் புல்வெளி. வெளிமானுக்கு அந்த வெட்டவெளிதான் வேண்டும்: தூரத்திலேயே பகையைப் பார்த்து ஓடிப் பிழைக்கிற பிராணி அது. நாற்கொம்பு மானும் கழுதைப்புலியும்கூட இந்த வறண்ட பக்கத்தில் இருக்கின்றன. நெருக்கமாக மரம் நட்டு இதை மூடினால் முதலில் காலி செய்வது வெளிமான்தான்.

ஆனால் ஆற்றங்கரை வேறு உலகம். சீகூர் ஆறும் மாயாறும் ஓடும் இடங்களில் மட்டும் நீர்மருது, நாவல், புங்கு என்று உயர்ந்த மரங்கள் ஒரு பச்சைக்கோடாகப் போகின்றன. பிணந்தின்னிக் கழுகு என்று சொல்கிறோமே, அந்தப் பாறுகளில் ஒன்றான வெண்முதுகுப் பாறு கூடு கட்டுவது பெரும்பாலும் அந்த நீர்மருதில்தான். மழை முடிகிற சமயத்தில் கூடு கட்டி, ஒரே ஒரு முட்டை இடும். அந்தக் குஞ்சு பறக்கக் கோடை வந்துவிடும். நடுவில் யாராவது மரத்தடிக்குப் போய்த் தொந்தரவு செய்து கூடு கைவிடப்பட்டால் அந்த ஜோடிக்கு அந்த வருஷமே போச்சு. கூட்டுமரத்தை அடையாளம் காண்பது எளிது: கீழே உள்ள கிளைகளும் இலைகளும் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். அப்படி ஒரு மரம் கண்ணில் பட்டால் விலகிப் போய்விட வேண்டும், இடத்தை இணையத்தில் போடவும் கூடாது.

பாறு பார்க்க ஆற்றுக்குள் இறங்க வேண்டியதே இல்லை. நிலம் சூடேறி வெப்பக்காற்று மேலெழுந்தால்தான் அவை பறக்கும். விடியலில் வானத்தைத் தேடுவது வீண். ஒன்பதரை மணிக்கு மேல், மசினகுடியில் திறந்த வானம் தெரிகிற இடத்தில் 8x42 இருநோக்கியோடு நின்றால் போதும். சிறகின் அடியில் முன்பாதி வெள்ளை, பின்பாதி கருப்பு. திரும்பும்போது இடுப்புக்கு மேல் வெள்ளைத் திட்டு தெரிந்தால் வெண்முதுகுப் பாறு. உடல் வெளிறிய பழுப்பு, கழுத்து கருப்பு என்றால் கருங்கழுத்துப் பாறு. இது கூடு வைப்பது மாயாற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகளில். கருத்த உடலும் சிவந்த தலையுமாகத் தனித்தோ ஜோடியாகவோ சுற்றுவது செந்தலைப் பாறு. தெப்பக்காடு–மசினகுடி சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவது மட்டும் கூடவே கூடாது. அது யானைத்தடம், சீகூர் யானை வழித்தடம் சட்டப்படி செல்லுபடியாகும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்தப் பறவைகள் பிழைப்பதும் சாவதும் மாட்டு மருந்தில் இருக்கிறது. வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைத் தின்றால் பாறின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளை மாவாகப் படிந்துவிடும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. 2006-ல் கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பியை மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்ததால், 2015-ல் குப்பியின் அளவை 3 மி.லி.க்குக் குறைத்தார்கள். 2023-ல் அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் தடையாகின. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். ஆகவே பட்டி வைத்திருக்கிறவர்கள் ஊசிக்குப்பியின் பெரிய எழுத்துப் பெயரை நம்பாமல், கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும். மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபெனமிக் அமிலம் என்றால் பயமில்லை; மருத்துவரிடம் அதையே கேளுங்கள்.

இன்னொரு கேடு உண்ணிச்செடி. அதன் நிழலில் புல் முளைக்காது. மாசி, பங்குனியில் தீப்பிடித்தால் தரையோடு போக வேண்டிய நெருப்பு அதைப் பிடித்துக்கொண்டு மரக்கிளைவரை ஏறும். மேலோடு வெட்டினால் பத்துத் துளிர் விடும். மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால்தான் சாகும். காய் பழுப்பதற்கு முன் செய்ய வேண்டும். கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிவிடும். அவை உட்காரும் மரங்களின் அடியில் அடுத்த இரண்டு மூன்று வருஷம் நாற்று பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பலரும் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால் ஆத்திரத்தில் சடலத்தில் விஷம் வைப்பார்கள். புலியைவிட அதிகமாகச் சாவது பாறுதான், ஒரு சடலத்துக்குக் கூட்டமாக இறங்குவதால். சடலத்தை நகர்த்தாமல் படம் எடுத்து, உடனே வனத்துறைக்குச் சொன்னால் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. நோயில் செத்த மாடாக இருந்து, கடைசி நாட்களில் என்ன ஊசி போட்டது என்று தெரியாவிட்டால், அதை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஊசி எதுவும் போடாமல் விபத்தில் செத்ததாக இருந்தால் வனத்துறையிடம் கேட்டு, ஊருக்கு வெளியே திறந்தவெளியில் விட்டுவிடலாம். தோலும் எலும்பும் மட்டும் மிஞ்சும்படி பாறுகள் முடித்துவிடும்.