எஃப்.என்.யு. போக எத்தனை அரசாங்கம்?

இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் என்ன நடக்கும் என்பது நம்மவர்கள் பலருக்கும் தெரிந்த கதைதான். முழுப் பெயரும் சர்நேம் பக்கம் போய்விடும். முதல் பெயர் வரவேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்றெழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். எனக்கு கிரீன் கார்டிலும் அதே, கலிபோர்னியா டிரைவர் லைசென்ஸிலும் அதே. மருந்துக்கடையில் ‘மிஸ்டர் ஃபனூ’ என்று கூப்பிட்டால் எழுந்து போகப் பழகிவிட்டேன். 2023-ல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, இதற்கும் சேர்த்து ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நாம் இருக்கும் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுபீரியர் கோர்ட்டில் மனுப் போடுவது. அது மாநில நீதிமன்றம். நானூறு டாலருக்கு மேல் கட்டணம், அப்புறம் வாரம் ஒருமுறை என்று நான்கு வாரம் செய்தித்தாளில் அறிவிப்பு, கடைசியில் நீதிபதியின் ஆணை. இன்னொன்று, குடியுரிமைக்கான என்-400 படிவத்திலேயே ‘பெயரை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. அப்போது 725 டாலர் எப்படியும் கட்டியாக வேண்டும், பெயருக்குத் தனிக் காசு கிடையாது. ‘ஆம்’ என்று போட்டேன்.

நேர்காணலில் குடியேற்றத் துறை அதிகாரியான ஓர் அம்மா பத்துக் கேள்வி வரை கேட்கலாம், ஆறு சரியாகச் சொன்னால் போதும் என்பது அப்போதைய கணக்கு. (2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விப் பட்டியல், இருபது கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக வேண்டும்.) அரசாங்கத்தின் ஒரு பிரிவு மிஞ்சிப் போகாமல் தடுப்பது எது என்பதும் எனக்கு வந்தது. ‘அதிகாரப் பிரிவினை’ என்று மனப்பாடம் செய்த பதிலை ஒப்பித்தேன். ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பதில் நேரிலேயே வந்து நின்றது. பெயர் மாற்ற மனுவை அச்சடித்து என் முன்னால் வைத்தவர், “கவனமா எழுத்துக்கூட்டிப் பாருங்க. உங்களுக்குக் குடியுரிமை கொடுக்கலாம்னு நான் முடிவு பண்ணலாம். பேரை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல, ஜட்ஜுக்குத்தான் உண்டு. அதனால கோர்ட் நடத்துற விழாவுலதான் உங்களுக்கு உறுதிமொழி. கோர்ட் தேதிக்குக் காத்திருக்கணும், பரவாயில்லையா?” என்றார். என் பெயர் முதலில், அப்பா பெயர் பின்னால். இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் இப்படி என்று வீட்டுக்கு வந்து துருவினேன். குடியுரிமை விதிகளை வகுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, கொடுத்திருக்கிறது. 1790-ல் போட்ட முதல் சட்டத்திலிருந்து, ஒருவரைக் குடிமகனாக ஆக்குவது நீதிமன்றங்களின் வேலையாக இருந்தது. 1990-ல் காங்கிரஸ் சட்டத்தை மாற்றி அதை நிர்வாகத்தின், அதாவது ஜனாதிபதியின் கீழ் இருக்கும் துறைகளின், கையில் கொடுத்தது. உறுதிமொழி செய்து வைக்கும் உரிமை மட்டும் நீதிமன்றங்களிடமும் தங்கிவிட்டது, அதோடு ஒட்டிக்கொண்டு பெயர் மாற்றமும்.

இந்த மூன்று பிரிவுகளின் இழுபறியில் இந்தியர்கள் பட்ட பாடு தனிக் கதை. சட்டத்தில் ‘சுதந்திரமான வெள்ளையர்’ என்று இருந்த சொல்லுக்குள் இந்தியர்கள் வரமாட்டார்கள் என்று 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்க நிர்வாகம் வழக்குப் போட்டது. 1946-ல்தான் காங்கிரஸ் புதுச் சட்டம் இயற்றி, ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டு, கதவு திறந்தது. அந்த வழியாக 1949-ல் குடியுரிமை பெற்ற தலீப் சிங் சவுந்த், 1956 தேர்தலில் கலிபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கே போய்விட்டார்.

விழா 2024 கோடையில். வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். நீதிபதி உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்தோம். குடியேற்றத் துறை அதிகாரி ஒருவர் முன்னால் போய் நின்று, இவர்கள் எல்லோரும் தகுதி பெற்றவர்கள், இவர்களைக் குடிமக்களாக ஏற்க வேண்டும் என்று நீதிமன்றத்திடம் வேண்டிக்கொண்டார். நீதிபதி ‘ஏற்கப்படுகிறது’ என்றார். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட இல்லை. ஆனால் மாதக்கணக்கில் என்னை அலசிப் பார்த்த நிர்வாகம், கடைசியில் இன்னொருவர் முன்னால் நின்று கேட்டு வாங்குவதை உட்கார்ந்து பார்ப்பது ஒரு சுகம். சான்றிதழில் எஃப்.என்.யு. இல்லை.

சரி, முடிந்தது என்று பார்த்தால் அங்கேதான் அலைச்சலே ஆரம்பம். நம்மூரில் என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் ஒரு மனுக் கொடுத்தால், அவர் தாசில்தார், ஆர்.டி.ஓ. என்று கீழே அனுப்புவார். இங்கே கலெக்டரே கிடையாது. ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதியின் கையெழுத்து இருந்தாலும், மாநிலத்துக்கும் கவுண்டிக்கும் அது தானாகப் போய்ச் சேராது. நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதுவும் வரிசை தப்பாமல். முதலில் ஆளுக்கொரு அடையாள எண் கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அது ஃபெடரல். ஒன்றிரண்டு நாள் விட்டு டிரைவர் லைசென்ஸ் கொடுக்கும் டி.எம்.வி., அது மாநிலம். அவர்கள் சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பதால் முதலிலேயே போனால் வேலை நடக்காது. பாஸ்போர்ட் கொடுப்பது வாஷிங்டனில் இருக்கும் வெளியுறவுத் துறை, ஆனால் விண்ணப்பத்தை வாங்கி, சத்தியம் செய்யச் சொல்லி, உறையில் போட்டு அனுப்பியது எங்கள் கவுண்டி கிளார்க் அலுவலக ஊழியர். 165 டாலரும் ஒரே இடத்துக்குப் போகவில்லை: 130 அங்கே, 35 இங்கே. அசல் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதால், மற்ற இடங்களை முடித்துவிட்டு இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்காளர் பதிவும் கவுண்டிதான். நம் தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் அமைப்பு இங்கே இல்லை. ஜனாதிபதி தேர்தலுக்கான வாக்குச்சீட்டையும் அச்சடித்து, வீட்டுக்கு அனுப்பி, எண்ணுவது கவுண்டி அலுவலகம்தான். 2024 நவம்பர் சீட்டை மேஜையில் விரித்தால் ஜனாதிபதி, செனட்டர், பிரதிநிதி என்று தொடங்கி, மாநிலச் சட்டமன்றம், நகர கவுன்சில், பள்ளி வாரியம் என்று இறங்கிக்கொண்டே போனது. பள்ளி வாரியம் நகராட்சிக்குக் கீழே இல்லை. தனித் தேர்தல், தனி எல்லை, தனி வரி. இப்படி நாடு முழுக்க உள்ளாட்சி அமைப்புகள் மட்டும் சுமார் 90,000. அது போதாதென்று மாநில அளவில் பத்துத் தீர்மானங்கள் வேறு. கலிபோர்னியாவில் 1911 முதல் மக்களே நேரடியாகச் சட்டம் போடலாம். திருட்டு, போதைப்பொருள் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் 36-வது தீர்மானம் அப்படித்தான் நிறைவேறியது. என்னைக் கேட்டால் பத்துத் தீர்மானம் என்பது கொஞ்சம் அதிகம். விளக்கப் புத்தகத்தைப் படித்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

பெயரோடு கையெழுத்தையும் மாற்றியவர்களுக்கு ஒன்று: தபால் வாக்கு உறையில் போடும் கையெழுத்தை, கவுண்டி தன்னிடம் இருக்கும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் சரிசெய்யச் சொல்லிக் கடிதம் வரும். டி.எம்.வி.யில் புதுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாக்காளர் பதிவையும் கையோடு புதுப்பித்துவிட்டால் அந்தக் கடிதத்துக்கு வேலையில்லை.