எந்தக் கையால் சார்?

எங்கள் அலுவலகத்தில் மதியம் நடப்பது சாப்பாடு அல்ல, விசாரணை. அடுத்தவர் டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே சிலர் வருவார்கள்.

போன வாரம் மாட்டியது புதிதாகச் சேர்ந்த பையன். கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி, மூடி எழும்பாமல் இருக்க அதன் மேல் போனை வைத்துவிட்டுக் காத்திருந்தான். எங்கள் மேலாளர் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, வீட்டில் அடுப்பே கிடையாதா? இதெல்லாம் சோம்பேறிகள் சாப்பாடு."

பையன் சிரித்து வைத்தான். அவன் இருப்பது ஒற்றை அறையில். நிஜமாகவே அடுப்பு கிடையாது. எங்களுக்குத் தெரியும், சாருக்குத் தெரியாது.

சொல்லி முடித்த கையோடு சார் தன் சணல் பையைத் திறந்தார். உள்ளே காக்கி நிறத்தில் ஓர் அட்டைக் குவளை. அதன் மேல் இலைப் படம், யாரோ பேனாவால் எழுதியது போல அச்சடித்த பெயர். மூடியைப் பாதி கிழித்தார். அதே கெட்டிலில் இருந்து வெந்நீர் ஊற்றினார். மூடி எழும்பாமல் இருக்க மேலே போனை வைத்தார். அவருடையது கொஞ்சம் பெரிய போன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"இது என்ன சார்?"

"சூப். கையால் செய்தது."

"எந்தக் கையால் சார்?"

கேட்டது கணக்குப் பிரிவு அக்கா. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான், அதனால் அவருக்கு யாரிடமும் பயமில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு குவளைகளையும் மெல்லத் திருப்பித் திருப்பிப் படித்தார். இரண்டிலும் காய்ந்த கேரட், காய்ந்த பட்டாணி, சர்க்கரை, உப்பு. சாருடையதில் மட்டும் 'கடல் உப்பு'.

இந்த நூடுல்ஸும் ஒரு காலத்தில் கெத்தாக இருந்ததுதான். 1958இல் ஜப்பானில் மோமொஃபுகு ஆண்டோ முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸை விற்பனைக்கு விட்டபோது, கடையில் கிடைத்த, புதிதாகச் செய்த உடோன் என்ற கோதுமை நூடுல்ஸைவிட அதன் விலை பல மடங்கு. ஜெல்லி கதை இன்னும் வேடிக்கை. கன்றுக்குட்டிக் கால்களை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு வடிகட்ட ஆள் வைத்திருந்த ஐரோப்பியப் பெரிய வீடுகளில் அது விருந்துப் பண்டம். ஜெல்லியை உறைய வைக்கும் ஜெலட்டின் பொடி பொட்டலத்தில் வந்து எல்லோர் வீட்டுக்கும் போனதும், குழந்தைகள் தின்பது என்று ஒதுங்கிவிட்டது. பெரிய வீட்டம்மாவும் அந்தக் கால்களை வேக வைத்ததில்லை. ஆனால் அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. சமைக்கும் நேரத்தை ஆள் வைத்து மிச்சம் பிடித்தால் வசதி, பொட்டலம் வாங்கி மிச்சம் பிடித்தால் சோம்பேறித்தனம். நல்ல கணக்கு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கா படித்து முடித்ததும் சார் தொண்டையைச் செருமினார்.

"வீட்டில் சமைக்கிற அம்மா இன்றைக்கு லீவு. அதனால்தான் இது."

பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "எங்க வீட்டில் அவங்க தினமும் லீவு சார்."

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. சார் ஒன்றும் பேசாமல் சூப்பை ஒரு வாய் குடித்தார், முகம் சுளித்தார். கடல் உப்பு போதவில்லை போலிருக்கிறது. பையன் தான் மிச்சம் வைத்திருந்த மசாலாப் பொட்டலத்தை நீட்டினான். சார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.