உறையில் வந்த இரண்டாயிரம்

தேர்தல் முடிந்து, தோற்ற களைப்பும் தீர்ந்து, மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் பழையபடி பால் கரைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் எங்கள் சுயேச்சைக் குழுவின் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்.

“டீச்சர், தேர்தல் செலவுக் கணக்கு எழுதிவிட்டீர்களா?”

“தோற்றவளுக்கு என்ன கணக்கு?”

“வென்றாலும் தோற்றாலும் கொடுக்க வேண்டும். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள். இல்லாவிட்டால் குற்றம்.”

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம் என்று ஒன்று இருப்பது வேட்புமனுவில் கையெழுத்திட்டபோதே காதில் விழுந்ததுதான். அது பெரிய மனிதர்களுக்கான சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். 2024 ஜனாதிபதித் தேர்தலில்தான் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் வீதம் தேர்தல் ஆணைக்குழு உச்சவரம்பு போட்டது. நாட்டில் ஒரு கோடியே 71 இலட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கான வரம்பு 186 கோடி ரூபாயைத் தாண்டியது. அதே சட்டம் 2025 மே 6ஆம் திகதி மஸ்கெலியா பிரதேச சபைக்குப் போட்டியிட்ட என்னிடமும் வந்து நின்றது. எங்கள் வட்டாரத்தில் குழுவுக்குக் கிடைத்தவை 141 வாக்குகள்.

அன்றிரவு மகளின் பழைய அப்பியாசக் கொப்பியைப் பிரித்து உட்கார்ந்தேன். துண்டுப்பிரசுரம் 2,000, ஹட்டனில் அச்சடித்தது, 14,000 ரூபாய். இதற்குப் பற்றுச்சீட்டு இருந்தது. ஒலிபெருக்கி வாடகைக்கும் இருந்தது. அதற்கப்புறம் எதற்கும் இல்லை. கொழுந்தன் ஆட்டோவில் தோட்டப் பிரிவுகளான மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் எத்தனை தடவை ஏறி இறங்கினோம்? “பெற்றோல் காசை நான் கேட்டேனா அண்ணி?” என்று அவர் கோபித்துக்கொண்டார். கேட்காததுதான் சிக்கல். பணமாக வந்தாலும் பொருளாக வந்தாலும் நன்கொடை நன்கொடைதான். கொடுத்தவர் பெயரும் அதன் பெறுமதியும் எழுதியாக வேண்டும்.

சின்னம்மா மூன்று வாரம் வந்தவர் போனவருக்கெல்லாம் தேநீர் ஊற்றினார். தேநீருக்கு விலை போட்டால் ஆயுளுக்கும் என்னோடு பேசமாட்டார் என்று பயந்தேன். சீனியும் தேயிலையும் 1,800 ரூபாய் என்று எழுதி, பக்கத்தில் அவர் பெயரை எழுதிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். அரசாங்கத் தாள்களில் இதுவரை அவர் பெயர் வாங்குகிறவர்கள் பட்டியலில்தான் இருந்திருக்கிறது.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் நாத்தனார் மகள் அனுப்பிய 10,000 ரூபாய் ஓர் இரவு என்னைத் தூங்கவிடவில்லை. வெளிநாட்டுப் பணம் கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விசாரித்துப் பார்த்தால், சட்டம் தடுப்பது வெளிநாட்டு அரசாங்கங்களையும் சர்வதேச அமைப்புகளையும் வெளிநாட்டுக் கம்பெனிகளையும். எங்கள் பிள்ளை எந்த நாட்டுச் சமையலறையில் நின்றாலும் இலங்கைப் பிரஜைதான். என் தாத்தா 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, வாக்கு இல்லாமலே செத்தவர். ‘பிரஜை’ என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

மிஞ்சியது அந்த உறை.

பிரசாரத்தின் கடைசி வாரத்தில் கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்கள். மேலே ‘டீச்சருக்கு’ என்று மட்டும். தினமும் தாய்மார்களின் கையெழுத்தைப் பதிவேட்டில் பார்க்கிறவள் நான். அந்த ‘ட்’ யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. அவர் வீட்டு ஆண்கள் வேறு கட்சிக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதற்குமேல் இங்கே எழுதமாட்டேன்.

யார் கொடுத்தது என்று தெரியாத பணத்தை வேட்பாளர் வாங்கக்கூடாது. தெரிந்தால் பெயரை எழுத வேண்டும். கணக்கறிக்கையை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். கொழும்பில் கோடிகள் எங்கிருந்து வந்தன என்று அறிய அந்தச் சன்னல் வேண்டும்தான். அதை மூடச் சொல்லமாட்டேன். ஆனால் சுவருக்குச் சுவர் ஒட்டிய வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்து வீட்டில் யார் இருமினார்கள் என்பதுகூட எல்லோருக்கும் தெரியும் இடத்தில், ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் கொடுத்த இரண்டாயிரத்துக்கும் அதே சன்னல்தான். பிரசாரத்தின் அதே கடைசி வாரத்தில் இரவோடிரவாக லயங்களுக்கு வந்து இறங்கிய சாராயப் போத்தல்கள் எவருடைய படிவத்தில் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

நல்லவேளை, அந்தத் தாள்களை நான் தொடவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவர் தனியாக இருந்த நேரம் பார்த்து உறையை நீட்டினேன்.

“பேரைப் போட்டுவிட்டீர்களா டீச்சர்?” முகம் வெளுத்துப்போனது.

“இல்லை. அதனால்தான் கொண்டுவந்தேன்.”

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. அன்றைக்கு அது 1,350 ரூபாய். ஒன்றரைப் பேரை எனக்காகக் கொடுத்திருக்கிறார். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தார். “வாக்கை மட்டும் திருப்பித் தரமுடியாதே,” என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

மொத்தச் செலவு 38,450 ரூபாய். 141ஆல் வகுத்து, “ஒரு வாக்குக்கு 272 ரூபாய், ஜனாதிபதியைவிட நீ விலை கூடியவள்,” என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். வாக்காளர் எண்ணிக்கை வேறு, விழுந்த வாக்கு வேறு என்று விளக்கப்போய், பாதியில் விட்டுவிட்டேன். பத்தொன்பதாம் நாள், மழையில், ஹட்டனில் பஸ் மாறி நுவரெலியா போய்ப் படிவத்தைக் கொடுத்தேன். அலுவலர் நன்கொடைப் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து சின்னம்மாவின் பெயரில் நிறுத்தினார்.

“தேயிலையா? தேயிலைத் தோட்டத்திலா?”

“எங்களுக்கும் கடையில்தான் விற்கிறார்கள் ஐயா,” என்றேன்.