நண்டு அடைத்த வளை

உழவர் வாழ்வைப் பாடும் பழைய நூலான முக்கூடற்பள்ளில் மழைக்குறி சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ மின்னுகின்றன. கேணியில் சொறித்தவளை கூப்பிடுகிறது. நண்டு சேற்றில் தன் வளையை அடைக்கிறது. நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்று உழவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். பள்ளியில் மனப்பாடம் செய்த நாளிலிருந்தே எனக்குப் பிடித்தது அந்த நண்டுதான். முன்கூட்டியே கதவைச் சாத்திக்கொள்ளும் கெட்டிக்கார நண்டு!

அந்த முக்கூடல் திருநெல்வேலி அருகே உள்ள நம் சீவலப்பேரிதான், சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் இடம். 2023 டிசம்பரில் அதே ஆறு ஊர்களுக்குள் புகுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை, அந்தப் பக்கத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான ரயில் பயணிகள் சிக்கிக்கிடந்தார்கள்.

பள்ளில் வெள்ளம் ஒரு விருந்தாளி. வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வயலுக்கு வந்து சேரும். நேற்று அந்தப் பாட்டை மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ‘ஆற்று வெள்ளம் நாளை வர’ என்ற இடத்தில் என் குரல் எழவே இல்லை. வானிலை எச்சரிக்கையைப் படிப்பதுபோல் இருந்தது.

ஆற்றங்கரைக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்: அந்த டிசம்பரில் நண்டுகள் வளையை அடைத்தனவா?