அமாவாசையில் மீன் பாட்டு

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், அன்றிரவே மட்டக்களப்பு வாவியில் தண்ணீருக்குள்ளிருந்து கேட்குமாம் என்கிற பாடும் மீன். ஒரே லீவில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கொழும்பில் இரவு ரயில் ஏறினேன். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இங்கே கச்சான் என்றால் இரண்டு. மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி இந்தப் பக்கம் இறங்கும் காற்று ஒன்று. திருவிழாவில் குவித்து விற்கும் நிலக்கடலை மற்றது. மாமாங்கக் கோயில் இருக்கும் அமிர்தகழியில் இரண்டுக்கும் குறைவில்லை.

தகப்பனை இழந்தவர்கள் தீர்த்தக் குளத்தில் தலைமுழுகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் நாதஸ்வரமும் தவிலும், இன்னொரு பக்கம் ஐஸ்கிறீம் வானின் பாட்டு, நடுவில் தொலைந்துபோன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லும் ஒலிபெருக்கி. இந்த மூன்றும் கலந்தால்தான் எனக்குத் திருவிழா.

பின்னேரம் கல்லடிக்குப் போனேன். 2013இல் புதுப்பாலம் திறந்தபின் பழைய லேடி மெனிங் பாலத்தில் காற்று வாங்க வருபவர்கள்தான் அதிகம். கீழே தோணி கட்டிக்கொண்டிருந்த ஐயாவிடம் மீன் பாட்டு எத்தனை மணிக்கு என்று கேட்டேன், ஏதோ சினிமாக் காட்சி நேரம் கேட்பதுபோல. சிரித்துவிட்டார்.

"பறுவத்து நிலவிலதான் கேக்கும் மனே. நீ அமாவாசையில வந்து நிக்கிறாய்."

நாள்காட்டியை வைத்துத்தானே திட்டம் போட்டேன், இது எப்படித் தோன்றாமல் போனது? என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும், தோணியில் ஏற்றினார். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் செங்குத்தாக விட்டு, மற்ற நுனியில் காதை வைக்கச் சொன்னார். ஈர மரம், மீன் வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். துடுப்பில் தண்ணீர் தட்டும் சத்தம், அப்புறம் ஆழத்திலிருந்து ஒரு உறுமல். "கேக்குது!" என்றேன். ஐயா மேலே பார்த்தார். புதுப்பாலத்தில் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

கடற்கரையில் இசை நிகழ்ச்சி ஏழு மணிக்கு என்றார்கள். ஒன்பது மணிக்கும் மேடையில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" மட்டும்தான். அலுத்துப்போய் நண்பன் வீட்டுக்குத் திரும்பினால், அவன் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு இழுத்துப் போனான்.

"ஆடியில கல்யாணமா?"

"அவங்க பறங்கியர். வேதக்காரருக்கு ஆடியென்ன, ஆவணியென்ன?"

பறங்கியர் என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர்கள். முற்றத்தில் தென்னை மரங்களுக்கு இடையே மின்குமிழ்கள். பகலில் தச்சு வேலை செய்யும் அங்கிள் ஒருவர் வயலினை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்து இழுக்க, ரபான் மேளம் சேர்ந்துகொண்டது. கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்டப்பாட்டு. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று துள்ளிச் சுழலும் தாளம். போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆப்பிரிக்கரான காப்பிரிகளின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. நாம் கல்யாண வீடுகளில் ஆடும் பைலாவுக்கு இதுதான் மூத்தது. எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா பாவாடை விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வந்தார். இடுப்புக்கு மேலே அசைவே இல்லை, செருப்பைக் கழற்றிய பாதங்கள் மட்டும் மணலை அரைத்தன. பாட்டு அவர்களுடைய போர்த்துக்கேயத்தில், "சோறு போடட்டா?" என்று கேட்டது மட்டக்களப்புத் தமிழில்.

1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரிடமிருந்து 1638இல் ஒல்லாந்தர் அதைப் பறித்துவிட்டார்கள். கோட்டை பத்து வருடம்தான் போர்த்துக்கேயரிடம் இருந்தது, பாட்டு இன்னும் இந்த முற்றத்தில் இருக்கிறது. விசா, விமான டிக்கெட், மேடை எதுவும் இல்லாமல் ஒரு உலக இசை. கையில் கச்சான் சுருளோடு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் வயலின் அங்கிளிடம் என் மீன் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"நான் இஞ்சதான் பிறந்தன் தம்பி. அறுபத்திமூணு வயசாச்சு. இன்னும் ஒருக்காக்கூடக் கேக்கல்ல," என்றபடி வயலினை எடுத்துச் சுருதி சேர்க்கத் தொடங்கினார்.